பெர்சிஸ் வெட்டிப்போட்ட மறுபாதி

காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிற பொம்பளைகளுக்கு அன்னக்கூடையில் இருப்பது பாதிச் சரக்குதான். மீதிப் பாதி வாயில் இருக்கிறது. யார் ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி, அதுதான் நிஜம். நல்ல வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்தவள் அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனதுண்டு. கண் மங்கின சங்கராவைப் பேசியே தள்ளிவிட்டு, வெயில் ஏறுமுன் வெற்றிலை போட்டவளும் உண்டு.

அந்த வரிசையில் பெர்சிஸ் வாய்க்குத் தனி மவுசு. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். எட்டாவது வரைக்கும் படித்தவள். புருஷன் லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். “ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்” என்பாள் பெர்சிஸ்.

அவளுக்கு அடுத்த இடம் ஜானட்டுடையது. ஜானட் எண்ணூர்க்காரி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றிலும் வீட்டிலும் படிகிற ஊர். அவள் புருஷன் முகத்துவாரத்தில் வலை போட்டுப் பிடிக்கிற எறாவை ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு, விடியும்போது ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். பெர்சிஸுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆவடியில் இருக்கிறாள். அந்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாகக் கையில் வாங்கிக்கொண்டு நின்றவள் ஜானட்தான். அப்படி ஒரு சிநேகம். காலையில் வந்ததும் ஒருத்தி டீ வாங்கினால் ஒருத்தி பன் வாங்குவாள்.

டீ குடித்து முடித்ததும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அது அந்த வரிசையின் பழக்கம். வாங்க வருகிறவர் கால் தயங்கினால் போதும், ஒருத்தி அடுத்தவளின் சரக்கை வாரி விடுவாள்.

“சாரே, இவ எறாவுக்கு மசாலாவே வேணாம். எண்ணூர்ல சாம்பல் பூசிகினே வருது.”

ஜானட் சும்மா இருப்பாளா?

“இவ வஞ்சிரத்துக்கு ஓட்டு கீது சாரே. அத்தினி வயசு. போன எலக்சன்ல மை வச்சிகினு வந்துச்சு.”

நாலு பேர் சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் வந்து நிற்பார்கள். ஆனால் அது அங்கேயே முடிந்துவிடாது. பழித்தவள் உடனே வாய் கழுவ வேண்டும். வாய் கழுவுவது என்றால் தண்ணீரில் இல்லை. யார் சரக்கைப் பழித்தாளோ அவளிடமே ஆளைத் தள்ளிவிடுவது. “சும்மா சொன்னேன் சாரே. மொதல்ல அவகிட்ட எறா எடு, அப்பால எங்கிட்ட மீன் எடு.” பழித்துவிட்டு வாய் கழுவாமல் போனவளுக்கு அன்றைக்குச் சரக்கு கூடையோடு ஒட்டிக்கொள்ளும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. மாமியாரிடம் பேசாதவள் இருக்கிறாள், கோயிலுக்குப் போகாதவள் இருக்கிறாள். வாய் கழுவாதவள் அந்த வரிசையில் இல்லை.

இந்த வாயைப் போனுக்குள் கொண்டுபோனது ஜுபைரின் யோசனை. ஜுபைர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓட்டல் வைத்திருப்பவர். அவர் ஓட்டல் எறாத் தொக்குக்கு எறா போவது ஜானட்டின் கூடையிலிருந்துதான். ஒருநாள் இவர்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “யக்கா, நீ இங்க கத்துறத ட்விட்டர்ல கத்துனா அண்ணா நகர் வரைக்கும் கேக்கும்” என்றார். அவரே பெர்சிஸ் போனில் போட்டுக்கொடுத்தார். அதற்கு இப்போது வேறு பேர் சொல்கிறார்கள். பெர்சிஸுக்கு அது ட்விட்டர்தான். ‘காசிமேடு பெர்சிஸ்’ என்று பேர் வைத்து, முகத்துக்குப் பதிலாகத் தன் அன்னக்கூடையைப் படம் பிடித்துப் போட்டாள்.

முதலில் வெறும் விலையை எழுதினாள். வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு. ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய் ஒருநாள், வாயில் வந்ததை அப்படியே எழுதினாள்.

‘இன்னிக்கு வஞ்சிரம் வந்துகீது. பாத்தா மாப்ள மாதிரி கீது. வெல கேட்டா மாமியார் மாதிரி கீது.’

அன்றைக்குத்தான் தொடங்கியது. யாரோ ஒருவர் சிரித்து எழுத, இவள் பதில் எழுத, அதற்கு இன்னொருவர் எழுத, பேச்சு வளர்ந்தது. “அக்கா, சங்கராவில் முள் அதிகமா?” என்று கேட்டவருக்கு, ‘முள்ளு இல்லாத மீனும் வாயி இல்லாத மாமியாரும் காசிமேட்ல கெடைக்காது கண்ணு’ என்று எழுதினாள். கூடவே, குழந்தைக்கு என்றால் வவ்வால் மீன் வாங்கு, முள் கம்மி என்றும் சொன்னாள். அவர் மறுநாளே அம்பத்தூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

பெர்சிஸ் அதில் கெட்டிக்காரியானாள். படகு கரை சேர்ந்ததும் என்ன வந்திருக்கிறது என்று எழுதிவிடுவாள். கேள்வி கேட்டவர் ஒருவரையும் பதில் இல்லாமல் விடமாட்டாள். மீன் கெட்டுப்போய்விட்டது என்று திட்டி எழுதினவருக்கும், ‘நாளைக்கு வா, மாத்திக் குடுக்கிறேன், திட்டுறத அங்க வந்து திட்டு’ என்று எழுதுவாள். சிலநாள் மீன் பேச்சே இருக்காது. மழை எப்படி, பெரம்பூரில் ரயில் நின்றுவிட்டதாமே, யார் வீட்டில் என்ன குழம்பு என்றெல்லாம் கேட்பாள். விற்கணும் என்றே பேசினால் ஒருத்தரும் நிற்கமாட்டார்கள், பேசிக்கொண்டே இருந்தால் அதுவாக விற்கும் என்பது அவள் கணக்கு. கணக்கு பலித்தது.

இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். எழுதியது எத்தனை பேருக்குப் பிடித்தது என்று கீழே எண் ஏறும். நீட்டி எழுதினால் அது நொண்டும். வெடுக்கென்று எழுதினால் பறக்கும். அதனால் எழுதினதைத் திரும்பப் படித்து, வாலை நறுக்கிவிடுகிற பழக்கம் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. மீனுக்கு வால் நறுக்குகிற கைதானே அது.

மழைக்காலத்தில் ஒரு மந்தமான காலை. படகுகள் அதிகம் போகவில்லை, மார்க்கெட்டில் ஆள் இல்லை. ஜானட் டீ வாங்கிவரப் போயிருந்தாள். பெர்சிஸ் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் போனை எடுத்து, வாயால் தினமும் சொல்வதை எழுதினாள்.

‘எண்ணூர் ஜானட் எறாவுக்கு மசாலாவே வேணாம். சாம்பல் பூசிகினே வருது. சும்மா சொன்னேன், மொதல்ல அவகிட்ட எறா எடு, அப்பால எங்கிட்ட வா.’

படித்துப் பார்த்தாள். முன்பாதி சுள்ளென்று இருந்தது. பின்பாதி ஈரத்துணி மாதிரி தொங்கியது. கட்டைவிரல் தானாகப் போய்ப் பின்பாதியை வெட்டிவிட்டது. தானாக என்று சொல்வது கூடத் தப்பு. வெட்டுகிறபோது அவளுக்குத் தெரியும். ‘ஜானட் வந்தவொடனே சொல்லிக்கலாம்’ என்று ஒரு நினைப்பு வந்து போனது. சொல்வது ஜானட்டிடம் இல்லை, படிக்கிறவர்களிடம் என்பது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். அனுப்பினாள்.

ஜானட் டீயோடு வருவதற்குள் எண் ஏறத் தொடங்கிவிட்டது.

அப்படி ஒன்று பெர்சிஸுக்கு அதற்கு முன்னால் பறந்ததில்லை. மத்தியானத்துக்குள் தெரியாதவர்கள் எல்லாம் எடுத்துப் போட்டார்கள். ஒருவர் எறாவுக்குப் பவுடர் பூசி படம் வரைந்தார். ‘சாம்பல் எறா’ என்று அதற்கு ஒரு பேரே விழுந்துவிட்டது. புது ஆட்கள் பெர்சிஸைத் தேடிக்கொண்டு வந்தார்கள். “நீங்கதானே அந்த அக்கா?” என்று செல்பி எடுத்தார்கள். அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.  அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

ஜானட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு விஷயம் காதால்தான் வந்தது. வாங்க வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, “எந்த ஊர் எறாமா?” என்றார்கள். அவள் எண்ணூர் என்றதும் நிமிர்ந்துவிட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள்.

“இன்னாமே, எல்லாரும் ஊரக் கேக்கிறாங்க? எறாவுக்குப் பொண்ணு பாக்க வந்துகிறாங்களா?” என்றாள் ஜானட்.

பெர்சிஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஒருநாள் ஜுபைரும் வெறுங்கையோடு திரும்பினார். ஜானட்டிடம் ஏதோ சாக்குச் சொன்னவர், போகிற வழியில் பெர்சிஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யக்கா, தொக்க இலையில வச்சா, இது சாம்பல் எறாவான்னு கேக்கிறாங்க. நான் இன்னா சொல்றது? நல்ல எறான்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு இலைக்கும் போய் பிரசங்கம் பண்ண முடியுமா?”

“சும்மா வெளாட்டுக்குத்தானே எழுதினேன் ஜுபைர் பாய். தெனிக்கும் சொல்றதுதானே.”

“தெனிக்கும் சொல்ற, அப்பால அவகிட்டயே தள்ளிவுடுவியே. அத அங்க காணமே யக்கா.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றம் சொல்ல வந்தவர் இல்லை.  ஆனால் அவர் காணோம் என்ற பாதி இருந்தது. பெர்சிஸ் தன் கையால் எழுதி, தன் கையாலேயே அழித்தது. அது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

ஜானட் கொஞ்ச நாள் பாதிக்கு மேல் எறாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். எழுதினது யார் என்று வாங்க வந்தவர்களே அவளிடம் சொல்லிவிட்டார்கள். பேச்சு குறைந்தது. பெர்சிஸ் அவள் சரக்கைப் பழிக்கவே இல்லை, அவளும் பழிக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எர்ணாவூர் பக்கம் ஏதோ கம்பெனி ஷெட்டில் எறா உரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று ஷேர் ஆட்டோக்காரர் சொன்னார். சொந்தக் கூடை வைத்திருந்தவள், ஊரான் எறாவுக்கு ஓடு உரிக்கிறாள்.

அந்த இடத்தில் வேறொருத்தி உட்காரப் பார்த்தபோது பெர்சிஸ் ஈரச் சாக்கை விரித்துப்போட்டு, “ஆள் வருது” என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள்.

எழுதியதை அழித்துப் பார்த்தாள். அழித்தால் போகிறதா? ஊரெல்லாம் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ‘நான் வெளாட்டா சொன்னது. ஜானட் எறா நல்ல எறா’ என்று புதிதாக எழுதினாள். அது நொண்டியது. பார்த்த சிலரும், ‘அக்காவுக்கு எவ்ளோ துட்டு குடுத்தாங்க?’ என்று கேட்டார்கள். சிரிப்புக்குக் கால் பத்து, மன்னிப்புக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சுளுக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் ஒரே ஒரு ஆள் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டாள். வீட்டு வாசலில் லியோனார்ட் தன் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“சாமியார்கிட்ட சொல்லலாம்னு போனேன். வாய் வரல” என்றாள்.

“சாமியாரா எறா விக்கிறாரு?” என்றான் லியோனார்ட்.

அதோடு அவன் பேச்சு முடிந்தது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் எண்ணூருக்கு பஸ் ஏறினாள். திருவொற்றியூர் தாண்டி, லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தாள். எப்படி எழுதினாலும் அழகாக வந்தது. அழகாக வந்ததே பயமாக இருந்தது.

ஜானட் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கொடியில் காய்ந்த துணியை உதறிச் சாம்பல் தட்டி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன, மஞ்சள் தடவியிருந்தாள். எறா உரிக்கிற கை அப்படித்தான் ஆகும்.

“வா” என்றாள். ‘வாமே’ என்று சொல்லவில்லை. “குந்து.”

பெர்சிஸ் உட்கார்ந்தாள். தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ஜானட்டின் போனும் வந்தது.

“அதுல இன்னா எழுதிகிறாங்கன்னு எனக்குப் படிச்சிக் காட்டு.”

“இன்னாத்துக்கு ஜானட்டு? கலீஜா எழுதிகிறானுங்க. வுடு.”

“எம்பேரு போட்டு எழுதிகிறாங்க. ஊரே படிச்சிட்ச்சி. நான் மட்டும் படிக்கல. பக்கத்து வூட்ல கேக்க எனக்கு வெக்கம். நீ எழுதினதுக்கு வந்ததுதானே? நீயே படி.”

தப்பிக்க வழி இல்லை. பெர்சிஸே அதைத் தேடி எடுத்தாள். யாரோ எடுத்து வைத்திருந்த படமும், அதன் கீழே வந்த பேச்சும் அப்படியே இருந்தன. பெர்சிஸ் படிக்கத் தொடங்கினாள். ஒருவர் சிரித்திருந்தார். ஒருவர், இனிமேல் எறாவே வேண்டாம் என்றிருந்தார். ஒருவர் எண்ணூர்க்காரர்களுக்குத் தோலே சாம்பல் நிறம் என்று எழுதியிருந்தார்.  ஜானட் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

அடுத்ததற்கு வந்தபோது பெர்சிஸ் தயங்கி, “எறா பிடிக்கலயாம்” என்றாள்.

ஜானட் குனிந்து போனைப் பார்த்தாள். மஞ்சள் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தாள்.

“இம்மாம் நீளம் கீது. நீ இத்துனூண்டு படிக்கிற. மீதிய எங்க போட்ட?”

 படிக்கத் தெரியாதவளுக்கு நீளம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் பெர்சிஸ் அழுதுவிட்டாள். ஜானட் தேற்றவில்லை, அழுது முடிக்கட்டும் என்று அடுத்த துணியை எடுத்தாள்.

“ஜானட்டு, அன்னிக்கும் இதத்தான் பண்ணேன்.”

“எத?”

“வாய் கழுவித்தான் எழுதினேன். மொதல்ல ஜானட்டுகிட்ட எறா எடு, அப்பால எங்கிட்ட வான்னு எழுதினேன். படிச்சிப் பாத்தேன். சின்னதா இருந்தா ஷோக்கா இருக்கும்னு தோணிச்சி. அந்தப் பாதிய நான்தான் வெட்டிட்டேன்.”

ஜானட்டின் கை நின்றது.

“நீ மறந்துட்டன்னு நெனைச்சிகினு இருந்தேன்” என்றாள். “போன்ல அதெல்லாம் எழுத முடியாதோ இன்னாவோன்னு நானே சமாதானம் சொல்லிகினேன். எம்புருசன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ தெரிஞ்சி பண்ணமாட்டான்னு சொன்னேன்.”

 வெளியே யாரோ வலையைச் சுமந்துகொண்டு ஜானட்டிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஜானட் நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“மீதியும் படி.”

பெர்சிஸ் படித்தாள். இந்தத் தரம் ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. கெட்ட வார்த்தையையும் முழுசாகப் படித்தாள். நடுவில் ஜானட் மறுபடி விரல் வைத்தாள்.

“இது இன்னா படம்? உன் அன்னக்கூட மாதிரி கீது.”

அவள் கூடைதான். பெர்சிஸ் எழுதியதுதான். ஒருவர், ‘அந்த எறாவ வச்சு பாத்திரமே தேய்க்கலாமா அக்கா?’ என்று கேட்டிருந்தார். அதற்கு இவள், பதில் இல்லாமல் யாரையும் விடாதவளாயிற்றே, பதில் போட்டிருந்தாள்.

“தேய்க்கலாம் கண்ணு, பித்தள பாத்திரம் பளபளங்கும்” என்று படித்தாள் பெர்சிஸ். “அப்பால சிரிப்பு பொம்ம போட்டுகிறேன்.”

“எத்தினி பொம்ம?”

“மூணு.”

 ஜானட் மடித்த துணிகளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, நின்றபடியே சொன்னாள்.

“நாளைக்கு நான் வரேன். எறாவோட வரேன். ஆனா நான் வாயத் தொறக்க மாட்டேன். எம்பொருள நீதான் விக்கணும். போன்லயும் நீதான் பேசணும். உன் மீனு அன்னிக்கு வித்தா விக்கிது, இல்லாங்காட்டி கெடக்குது. எவன் கேட்டாலும் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. வெட்டாம சொல்லு.”

“சரி.”

“ஒருநாளு இல்ல. நான் போதும்னு சொல்ற வரிக்கும்.”

“சரி ஜானட்டு.”

சாப்பிடு என்று ஜானட் சொல்லவில்லை. பெர்சிஸும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஜானட் வந்து இறங்கினாள். சாக்கை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கூடைத் துணியை விலக்கினாள். எறா உருண்டு திரண்டு, மீசையோடு கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

பெர்சிஸ் போனை எடுத்தாள்.

‘நான் காசிமேடு பெர்சிஸ். சாம்பல் எறான்னு பேர் வச்சது நான்தான். எங்க வரிசையில யாரப் பழிச்சமோ அவகிட்டயே ஆளத் தள்ளிவுடணும். அன்னிக்கு அதையும் எழுதினேன். சின்னதா இருந்தா நல்லா ஓடும்னு அந்தப் பாதிய வெட்டிட்டேன். அதால ஜானட் யாவாரம் போச்சி. அவ எறா இன்னிக்கு வந்துகீது. நான் விக்கிறேன். சந்தேகம் இருந்தா வந்து மோந்து பாத்து வாங்குங்க. என்ன திட்டணும்னாலும் வாங்க.’

படித்துப் பார்த்தாள். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் துடித்தது. எதை எடுத்தாலும் அழகாகும் என்று தெரிந்தது. ஒன்றையும் எடுக்காமல் அனுப்பினாள்.

எண் நொண்டிக்கொண்டே ஏறியது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பதில் எழுதினாள். ‘சாம்பல் அங்கே உண்மைதானே?’ என்று ஒருவர் கேட்டார். அதை ஜானட்டுக்குப் படித்துக் காட்டினாள்.

வாயைத் திறக்கமாட்டேன் என்றவள் இதற்கு மட்டும் திறந்தாள். “கீதுன்னு எழுது. ஆத்துல கீது, வூட்ல கீது, எங்க துணில கீது. நாங்க கொட்டலன்னு எழுது. எங்க வல கடல் தண்ணி ஏறி வர்ற முகத்துவாரத்துல கீது, அங்க சாம்பல் நிக்காது. அதையும் எழுது.”

எழுதினாள். கேட்டவர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்காவது உறைத்ததோ, அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டாரோ, யார் கண்டது? முன்பு கூடச் சேர்ந்து சிரித்தவர்களில் சிலர், ‘அக்கா போர் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

கொஞ்சம் பொழுது ஏறியதும் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெண் எறாவைக் காட்டி, “இதா அந்த…” என்று சிரிப்போடு ஆரம்பித்தாள்.

“ஆமாங்க, அதான்” என்றாள் பெர்சிஸ். “அந்தப் பேரு வச்சது நான். இவங்கதான் ஜானட்டு. எங்க வூட்டுப் பொண்ணுக்கு ஞானத்தாயி. எறா நல்ல எறா. நான் வச்ச பேருதான் கெட்டது.”

சிரிப்பு அடங்கிப்போய் அந்தப் பெண் ஜானட்டைப் பார்த்தாள். ஜானட் அவளைப் பார்த்தாள். அரைக்கிலோ வாங்கிக்கொண்டு அவசரமாகப் போனார்கள். அதற்குப் பின் வந்த ஒரு பெரியவர் பெர்சிஸ் சொல்ல ஆரம்பித்ததுமே, “வம்பே வேணாம்மா” என்று கையை எடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. ஒவ்வொரு தரமும் அந்தப் பேரைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. ஜானட் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தரமும் கேட்டாள். பெர்சிஸின் கூடையில் சங்கராவுக்கு மேலே ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

ஜுபைர் வந்தார். நின்று முழுசையும் கேட்டார். எறாவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“எங்க வூட்டுக்கு ரெண்டு கிலோ போடு யக்கா. ஓட்டலுக்கு இப்ப முடியாது. பொய் சொல்ல இஷ்டமில்ல. கேக்கிறவங்க கேக்கிறத வுடட்டும், நானே வரேன்.”

ஜானட் தலையை ஆட்டினாள். பெர்சிஸ்தான் நிறுத்துப் போட்டாள்.

வெயில் உறைத்ததும் மார்க்கெட் கலைந்தது. ஜானட் மிச்ச எறாமேல் ஐஸ் அள்ளிப்போட்டுத் துணியை இழுத்துக் கட்டினாள். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு, பெர்சிஸ் பக்கம் திரும்பாமல், “நாளைக்கும் வரேன்” என்றாள். “ஒரு கை குடு.”

பெர்சிஸ் எழுந்து ஒரு பக்கம் பிடித்தாள். தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. கூடையின் கனம் காலையில் வந்ததைவிட அதிகமாக ஒன்றும் குறைந்திருக்கவில்லை.